தேர்வுக்கு ஐந்து வாரம், பையனுக்குக் காலையில் வயிற்றுவலி

கேள்வி:

வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். கணவரும் 17 வருஷம் சர்வீஸ் முடித்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, இப்போது காட்பாடியில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார். மகனுக்கு 10 வயது முடிந்துவிட்டது, ஐந்தாம் வகுப்பு தமிழ் மீடியம் படிக்கிறான். பட்டாளத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற விடுதிப் பள்ளியான சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு 2026 ஜனவரி 18ஆம் தேதி. தமிழில்தான் எழுதுகிறான். சென்டர் சென்னையைக் கேட்டிருக்கிறோம், பெரம்பூரில் நாத்தனார் வீடு இருக்கிறது.

வேலூரில் கோச்சிங் போகிறான். மாதிரித் தேர்வில் 188, 196, 201 என்று ஏறிக்கொண்டு வந்தவன் அடுத்த மூன்றில் 184, 171, 158 என்று இறங்கிவிட்டான். கடைசித் தேர்வில் கணக்கு 78, தமிழ் 38, நுண்ணறிவு 30, பொது அறிவு 12. மூன்று வாரமாக விடியற்காலை நாலரைக்கு எழுப்பி, காபி கொடுத்து உட்கார வைக்கிறேன். ராத்திரி படுக்கப் பத்தரை ஆகிறது. டெஸ்ட் இருக்கிற நாளில் மட்டும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், இரண்டு தடவை வாந்தியும் எடுத்தான். இவர், "நடிக்கிறான், நம்ம வம்சத்துல இப்படி ஒரு கோழையா" என்கிறார். கோச்சிங் வாட்ஸ்அப் குழுவில் மற்ற பிள்ளைகள் மார்க்கைப் பார்த்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. டி.வி.யை நிறுத்திவிட்டதால் சின்னவளும் அழுகிறாள். முந்தாநாள் ராத்திரி படுக்கும்போது, "அம்மா, அங்க ஹாஸ்டல்ல நைட்ல லைட்டு போட்டிருப்பாங்களா?" என்று கேட்டான். தூங்குடா என்று சொல்லிவிட்டேன். இந்த ஐந்து வாரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிற அந்த லைட்டு கேள்விதான் எனக்கு முதலில் பட்டது. மார்க்கு, காபி, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். தேர்வு நெருங்கும்போது வயிற்றுவலி வந்தால் தோற்றுவிடுவோமோ என்ற பயம் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். பாதி அது உண்மைதான். விடுதிப் பள்ளிக்கு எழுதுகிற பத்து வயதுப் பிள்ளைகளிடம் இன்னொரு பயமும் இருக்கும்: ஜெயித்துவிடுவோமோ என்ற பயம். சைனிக் பள்ளி இருக்கிற அமராவதிநகர் உங்கள் ஊரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்குகிற பையனுக்கு அது வேறு உலகம். நல்ல மார்க் எடுத்தால் வீட்டை விட்டுப் போக வேண்டும், குறைந்த மார்க் எடுத்தால் அப்பாவுக்குக் கோழை. இரண்டு பக்கமும் கதவு அடைத்தால் பிள்ளைக்குப் பேச வாய் இருக்காது. வயிறுதான் பேசும்.

இது என் ஊகம்தான், அவன் வாயால் வந்தால்தான் உறுதி. கேட்கிற விதம் முக்கியம். எதிரில் உட்கார வைத்து, "உனக்கு அங்க போகப் பிடிக்கலையா?" என்று கேட்டால், "பிடிக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். கடைக்கு நடந்து போகும்போதோ, துணி மடிக்கும்போதோ, முகம் பார்க்காமல் கேளுங்கள்: "அன்னிக்கு லைட்டு போடுவாங்களான்னு கேட்டியே கண்ணு, நான் பதிலே சொல்லல. வேற என்னெல்லாம் யோசிச்ச?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அரை நிமிஷம் மௌனமாக இருப்பது கஷ்டம், ஆனால் இருங்கள். அவன் கேட்பதை ஒரு தாளில் எழுதுங்கள். துணி யார் துவைப்பார்கள், ஜுரம் வந்தால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை போனில் பேசலாம், அழுதால் மற்ற பசங்கள் கிண்டல் செய்வார்களா. தெரிந்ததற்கு உள்ளது உள்ளபடி பதில், தெரியாததற்கு "பள்ளிக்கு போன் போட்டுக் கேட்கலாம்". "அங்க சூப்பரா இருக்கும்டா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் சுமையை அது குறைக்காது, பேச்சைத்தான் நிறுத்தும்.

இன்னொன்றும் மெல்ல விசாரியுங்கள். இந்த வயதில் சில பையன்கள் எப்போதாவது படுக்கையை நனைப்பார்கள். வீட்டில் அது யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும், விடுதியில் முடியாது என்று அவனுக்குத் தெரியும். அப்படி இருந்தால் அது குழந்தை நல மருத்துவர் பார்த்துச் சரிசெய்யக்கூடிய விஷயம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தத் தாளுக்குப் பதில் சொல்ல உங்கள் வீட்டிலேயே சரியான ஆள் இருக்கிறார். உங்கள் கணவர் பயிற்சி முகாமில் போய் இறங்கிய முதல் வாரம் எப்படி இருந்தது என்று மகனிடம் சொல்லட்டும். மொழி தெரியாமல் விழித்தது, ராத்திரி வீட்டு நினைப்பு வந்தது, கண் கலங்கியது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லட்டும். கம்மவான்பேட்டை பக்கமெல்லாம் ராணுவப்பேட்டை என்று பெயர் வாங்கிய மண். அங்கே பட்டாளத்துக் கதைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பிள்ளைகள் காதில் விழுவது வீரக் கதை மட்டும்தான். பயந்துகொண்டே போனேன், போன பிறகு பழகிவிட்டது என்று அப்பா சொல்லக் கேட்பது இந்தப் பையனுக்கு இப்போது எந்தப் பாடத்தையும்விடப் பெரிது.

"தேர்வு எழுதுவது ஒரு முடிவு, சேர்வது வேறு முடிவு. ரிசல்ட் வந்த பிறகு மூணு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலாம், உன் பேச்சும் அதுல சேர்த்தி" என்று இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். கணவர் ஒப்புக்கொள்ளாமல் நீங்கள் மட்டும் சொல்லாதீர்கள்.

இனி வயிறு. வலி டெஸ்ட் நாளில் மட்டும் வருகிறது, மத்தியானம் சரியாகிவிடுகிறது, தொப்புளைச் சுற்றித்தான் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் பதற்றத்தால் வருவது. அதற்காக அது நடிப்பு ஆகிவிடாது. பயப்படும்போது குடலின் அசைவு மாறுகிறது, வலி நிஜமாகவே வருகிறது. ஆனாலும் வாந்தி இரண்டு தடவை வந்திருப்பதால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வலது பக்க அடிவயிற்று வலி, காய்ச்சல், எடை குறைதல், மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி இவற்றில் எது இருந்தாலும் தேர்வுப் பதற்றம் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

நாலரை மணிக்கு வெறும் வயிற்றில் காபி வேண்டாம், இன்றோடு நிறுத்துங்கள். பத்து வயது வயிற்றைப் புரட்ட அதுவே போதும். டெஸ்ட் நாளில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், அரைமணி கழித்து இரண்டு இட்லி, பிறகு நிதானமாகக் கழிவறை. வலிக்கிறது என்று சொன்னால், "ஆமா, வலிக்கும். உடம்பு பயந்தா இப்படித்தான் பண்ணும். கொஞ்ச நேரத்துல இறங்கிடும்" என்று சொல்லி, அவன் கையை அவன் வயிற்றின் மேல் வைக்கச் சொல்லுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சு உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, பத்து தடவை. வயிறு உப்பி இறங்குவது கைக்குத் தெரிய வேண்டும். வலி வரும்போது மட்டும் இதைச் செய்தால் பலிக்காது. தினமும் சாயங்காலம் சும்மா இருக்கும்போது பழகியிருந்தால்தான் அவசரத்துக்கு உதவும்.

மருத்துவர் பார்த்துப் பயமில்லை என்று சொன்ன பிறகு, வலிக்காக டெஸ்டை ரத்து செய்யாதீர்கள். ரத்து செய்தால் அந்த நிமிஷமே வலி போய்விடும். உடம்பு அதைக் கற்றுக்கொள்ளும், அடுத்த தடவை இன்னும் பலமாக வலிக்கும். "இன்னிக்கு நுண்ணறிவும் தமிழும் மட்டும் எழுது, போதும்" என்று பாதியாக்குங்கள். உட்கார்ந்து எழுந்தோம் என்ற அனுபவம் அவனுக்கு வேண்டும்.

மார்க் ஏன் இறங்குகிறது என்பதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசி மூன்று டெஸ்டுகள் இறங்கியதும், நாலரை மணி எழுப்பல் ஆரம்பித்ததும் ஒரே மூன்று வாரம். பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் 6 மணி நேரம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஒன்பது என்றே வைத்தாலும் மூன்று வாரத்தில் 63 மணி நேரத் தூக்கம் பாக்கி. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான். விடியற்காலை ஒன்றரை மணி நேரம் படிக்க வைத்து, முந்தின நாள் படித்ததை அழித்துக்கொண்டிருக்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள், காலை ஆறேகாலுக்கு எழுப்புங்கள். உடனே ஒன்பதுக்குத் தூக்கம் வராது, தினம் இருபது நிமிஷமாக முன்னுக்குத் தள்ளுங்கள், ஒரு வாரத்தில் சரியாகும்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. தேர்வு விடியற்காலையில் இல்லை. ஆறாம் வகுப்புத் தேர்வு மத்தியானம் 2 மணியிலிருந்து நான்கரை வரை. சாப்பிட்டுக் கண் சொக்குகிற நேரம். அதற்குத்தான் உடம்பைப் பழக்க வேண்டும். அரையாண்டு விடுமுறையில் வீட்டில் எழுதுகிற மாதிரித் தேர்வுகளை எல்லாம் 2 மணிக்கே ஆரம்பியுங்கள். பதினொன்றரைக்கு அளவான சாப்பாடு: ரசம் சாதம், தயிர் சாதம் மாதிரி. ஒன்றே முக்காலுக்கு முகம் கழுவி, கழிவறை போய்விட்டு, இரண்டு மணிக்கு உட்கார வேண்டும். நடுவில் எழுந்திருக்கக் கூடாது. 150 நிமிஷம் ஒரே இடத்தில் உட்காருவதற்கே பத்து வயது உடம்புக்குப் பயிற்சி வேண்டும்.

இப்போது அந்த 158ஐப் பிரித்துப் பார்ப்போம். இதில் நீங்களும் கோச்சிங்கிலும் கவனிக்காத ஒரு ஆபத்து இருக்கிறது. மொத்தம் 125 கேள்வி, 300 மதிப்பெண். கணக்கு 50 கேள்வி, கேள்விக்கு 3 வீதம் 150. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு ஒவ்வொன்றிலும் 25 கேள்வி, கேள்விக்கு 2 வீதம் 50. தகுதி பெற மொத்தத்தில் 40 சதவீதம், அதாவது 120 வேண்டும். அதோடு ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாக 25 சதவீதமும் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இந்தக் குறைந்தபட்ச வரம்பு கிடையாது, மற்றவர்களுக்கு உண்டு. 50இல் 25 சதவீதம் 12.5. உங்கள் மகன் பொது அறிவில் வாங்கியது 12. இதே மார்க்கை ஜனவரி 18இல் வாங்கியிருந்தால், மொத்தம் 158 இருந்தும் பட்டியலிலேயே வந்திருக்க மாட்டான். சின்னப் பிரிவுகளில் குறைந்தது 7 கேள்வி, கணக்கில் குறைந்தது 13 கேள்வி சரியாக இருக்க வேண்டும். இது வாசற்படிதான், இடம் கிடைக்கத் தரவரிசையில் நன்றாக மேலே வர வேண்டும். ஆனாலும் வாசற்படியிலேயே தடுக்கி விழக் கூடாதல்லவா?

பொது அறிவை ஏற்ற, கணவரைக் கூப்பிடுங்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து நிமிஷம், வாய்மொழியாக, புத்தகம் இல்லாமல். இந்தத் தாளில் முப்படைப் பதவிகள், வீர விருதுகள், தேசியச் சின்னங்கள், தலைநகரங்கள், விளையாட்டு, அறிவியல் கருவிகள் என்று வரும். பாதி உங்கள் கணவர் வாழ்ந்த பாடம். ராணுவத்தில் கேப்டன் என்றால் கடற்படையில் அதற்கு இணை லெப்டினன்ட், விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட். கடற்படையில் கேப்டன் என்றாலோ அது ராணுவத்தின் கர்னலுக்குச் சமம். பிள்ளைகள் வழுக்குகிற இடம் இது. போர்க்களத்து வீரத்துக்கு உயர்ந்த விருது பரம் வீர் சக்ரா, அமைதிக் காலத்தில் அசோக் சக்ரா. முதல் பரம் வீர் சக்ரா மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு, 1947 காஷ்மீர் போருக்காக. நம் தமிழர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு 1987இல் இலங்கையில் போரிட்டு உயிர் துறந்ததற்காக. ஒரு நாளைக்குப் பத்து விஷயம் போதும். மறுநாள் அந்தப் பத்தை மகன் கேள்வி கேட்க வேண்டும், அப்பா பதில் சொல்ல வேண்டும். அப்பா ஒன்றிரண்டு தப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது. இந்த வீட்டில் தப்புச் சொன்னால் தலை போகாது என்று அவனுக்குத் தெரியட்டும்.

கணக்கில் 26 சரி, 24 தவறு. அந்த இருபத்து நாலையும் அவனோடு உட்கார்ந்து மூன்றாகப் பிரியுங்கள். தெரியாதது, தெரிந்தும் தவறியது, நேரம் இல்லாமல் விட்டது. தூக்கம் கெட்ட பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிற கூட்டம்தான் பெருத்திருக்கும். ஒரு கணக்கைப் பாருங்கள்: தோட்டத்தின் நீளம் 24 மீட்டர், அகலம் 15 மீட்டர், சுற்றிலும் இரண்டு வரிசை கம்பி கட்ட எத்தனை மீட்டர் கம்பி வேண்டும்? விடைகள்: 360, 39, 78, 156. நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் 39. சுற்றளவு கண்டுபிடித்து நிறுத்தினால் 78. பரப்பளவு என்று தடுமாறினால் 360. பையன் எந்த வழியில் தப்புச் செய்தாலும் அந்த விடை எதிரே சிரித்துக்கொண்டு நிற்கும். விடை கிடைத்துவிட்டது, பட்டியலிலும் இருக்கிறது என்று சந்தோஷமாக வட்டத்தை நிரப்பிவிடுவான். இரண்டு வரிசை என்ற சொல்லைப் படித்தவனுக்குத்தான் 156. இதற்கு மருந்து கூடுதல் கணக்கு அல்ல. கேள்வியின் கடைசி வாக்கியத்தின் கீழே பேனாவால் கோடு போட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குகிற பழக்கம். ஐந்து வாரத்தில் இந்தப் பழக்கம் வந்துவிடும்.

தெரியாத கூட்டத்தில் மூன்று தலைப்பை மட்டும் எடுங்கள். சதவீதம், சராசரி, பின்னங்களை வரிசைப்படுத்துதல் என்று அவனுக்கு எது வராதோ அது. புதிய பெரிய பாடம் எதையும் ஜனவரியில் ஆரம்பிக்கக் கூடாது. அரைகுறையாகப் புகுந்த புதுப் பாடம் ஏற்கெனவே தெரிந்ததையும் குழப்பும்.

கோச்சிங்கில் எந்த மொழியில் கணக்கு நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். பல இடங்களில் எல்.சி.எம்., எச்.சி.எஃப்., பெரிமீட்டர் என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழ்த் தாளில் மீ.சி.ம., மீ.பெ.கா., சுற்றளவு என்று வந்தால், தெரிந்த கணக்கின் முன்னாலேயே பிள்ளை திகைத்து நிற்கும். பரப்பளவு, கனஅளவு, பகா எண், பகு எண், தசமம், தனிவட்டி, நிரப்புக் கோணம், மிகை நிரப்புக் கோணம் என்று முப்பது சொற்களை ஒரு அட்டையில் இரண்டு பக்கமும் எழுதித் தொங்கவிடுங்கள். ஒரு மாலை வேலை, பலன் அதிகம்.

ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புவதில் போகிற மார்க்கு வேதனையானது, ஏனென்றால் அது அறிவில்லாமல் போவதல்ல. ஒரு வட்டத்துக்கு 6 விநாடி என்றால் 125 வட்டத்துக்கு 12 நிமிஷத்துக்கு மேல். கடைசியில் மொத்தமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்ட பிள்ளைக்கு மணி அடித்துவிடும். இன்னொரு விபத்து: 37ஆம் கேள்வி தெரியவில்லை என்று தாண்டுகிறான், 38இன் விடையை 37க்கு நேரே நிரப்புகிறான். 46 வந்த பிறகுதான் தெரிகிறது. பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது, ஒன்பது விடை போச்சு. அதனால் ஐந்து கேள்விக்கு ஒருமுறை கேள்வி எண்ணையும் தாளின் எண்ணையும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் எழுதும் ஒவ்வொரு மாதிரித் தேர்வையும் அச்சிட்ட ஓ.எம்.ஆர். தாளில், தேர்வன்று கொண்டுபோகப் போகிற அதே ரக பால்பாயிண்ட் பேனாவில் எழுத வையுங்கள். பென்சில் வேண்டாம்.

நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பொது அறிவு 10 நிமிஷம், தமிழ் 20, கணக்கு 75, நுண்ணறிவு 25. இது 130. வட்டம் நிரப்ப 12, திரும்பப் பார்க்க 8. கணக்கில் இரண்டு சுற்று: முதல் சுற்றில் சட்டென்று வருவது, இரண்டாம் சுற்றில் மற்றவை. வரிசையை உங்கள் மகன் வசதிக்கு மாற்றலாம், ஆனால் கணக்கைக் கடைசியில் வைக்கக் கூடாது, பாதி மார்க் அங்கேதான். ஒரு வரிசையை முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றவும் கூடாது. தவறான விடைக்கு மார்க் கழிப்பதில்லை. அதனால் எந்த வட்டமும் காலியாக இருக்கக் கூடாது. தெரியாததற்கும், நிச்சயம் தப்பு என்று தெரிகிற இரண்டு விடையை அடித்துவிட்டு மிச்சத்தில் ஒன்றை நிரப்பிவிட வேண்டும்.

முழு மாதிரித் தேர்வு வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். எழுதிய மறுநாள் தவறுகளைப் பார்க்கிற நாள், அன்று வேறு டெஸ்ட் கிடையாது. கடைசி முழுத் தேர்வு ஜனவரி 11 ஞாயிறு. அதோடு நிறுத்திவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்து, அறிவிப்புக்காக ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள். அங்கே 230 வாங்கியவர்கள் மார்க்கைப் போடுவார்கள், 140 வாங்கியவர்கள் போடமாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் மகன் முகத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது அவனுக்குத் தெரிந்துவிடும். சின்னவளுக்கு டி.வி.யைத் திருப்பிக் கொடுங்கள், சத்தத்தைக் குறைத்து, மாலை ஒரு மணி நேரம். தங்கச்சி அழுவதற்கும் நான்தான் காரணம் என்ற பாரம் அவனுக்கு எதற்கு? அவனுக்கும் தினம் முக்கால் மணி நேரம் வெளியே ஓட்டம், பந்து, சைக்கிள்.

கணவரிடம் நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கோழை என்ற சொல் இனி அந்த வீட்டில் வேண்டாம். இந்தத் தேர்வு போனால் பட்டாளமே போய்விட்டது என்ற எண்ணம் அவர் மனதில் இருந்தால், அது சரியல்ல என்று அவருக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கும் சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு உண்டு, 13 வயது முடிந்து 15க்குள் எழுதலாம். அது ஆங்கிலத்தில் மட்டும், ஆகவே அதற்குள் ஆங்கிலத்தை வளர்க்க வேண்டும். டேராடூன் ராணுவக் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் சேர ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, தமிழ்நாட்டில் அதை டி.என்.பி.எஸ்.சி. சென்னையில் நடத்துகிறது. பெங்களூரில் ராணுவப் பள்ளி இருக்கிறது. எந்தப் பள்ளியில் பிளஸ் டூ படித்தாலும், படை அதிகாரியாவதற்கான என்.டி.ஏ. தேர்வை எழுதலாம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மகன் பார்க்க வையுங்கள். இன்னொரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் இந்த வழியில் நடுங்காமல் நடக்கும்.

வாய்ப்புக் கிடைக்கும்போது கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள், வேலூர் ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. கிட்டப்பார்வை தெரியாமல் இருந்தால் கரும்பலகைப் பாடமே அவனுக்குப் பாதிதான் போய்ச் சேரும். எழுத்துத் தேர்வில் வந்தவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் இருக்கிறது. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் இப்போதே எடுத்து ஒரு உறையில் வையுங்கள்.

இந்த முறை தேர்வு பொங்கலோடு மோதுகிறது. 15 பொங்கல், 16 மாட்டுப் பொங்கல், 17 காணும் பொங்கல், 18 தேர்வு. போகியன்று புகை நடுவில் அவனை நிறுத்தாதீர்கள், தொண்டை கட்டினால் நான்கு நாள் போய்விடும். பொங்கலன்று படிப்பே வேண்டாம், கரும்பு தின்னட்டும், மாட்டுக்குக் கொம்பு வண்ணம் அடிக்கட்டும். மற்ற நாட்களில் தவறுகளை எழுதிய நோட்டை அரைமணி புரட்டினால் போதும். உறவுக்காரர்கள் வந்து, "என்னடா, பாஸ் ஆயிடுவியா?" என்பார்கள். "எழுதப் போறான், எழுதிட்டு வரட்டும்" என்று நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுங்கள்.

17ஆம் தேதி காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அன்று சாயங்காலத்திலிருந்து ஞாயிறு முழுக்க, பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் எல்லாம் சென்னை திரும்புவார்கள். வாலாஜா சுங்கச்சாவடியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வண்டிகள் தேங்கும். ஞாயிறு காலை காரில் போய்க்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். காட்பாடியிலிருந்து ரயில், பெரம்பூரில் நிற்கும் வண்டியாகப் பார்த்து இப்போதே டிக்கெட் போடுங்கள். மேற்கிலிருந்து வருகிற வண்டிகள் காட்பாடிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும், முன்பதிவில்லாப் பெட்டியில் அவனை நசுக்கிக் கொண்டுபோகக் கூடாது. நாத்தனார் வீட்டுப் பிள்ளைகள் மெரினாவுக்குக் கூப்பிடுவார்கள், காணும் பொங்கல் கூட்டத்தில் வேண்டாம். சாயங்காலம் தேர்வு மையம் வரை ஒரு நடை போய்க் கதவைப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தப் பக்கம் வாசல், ஆட்டோவில் எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடும். ஹால் டிக்கெட் இரண்டு நகல், ஆதார், புகைப்படம், இரண்டு பேனா, லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில். ஹால் டிக்கெட்டில் உள்ள விதிகளை வரி விடாமல் படியுங்கள், கதவடைக்கும் நேரம் அதில்தான் இருக்கும். கைக்கடிகாரத்தை உள்ளே விடாமல் போகலாம், அதனால் வீட்டிலும் கடைசி நான்கு டெஸ்டைக் கடிகாரம் கட்டாமல், நீங்கள் அரைமணிக்கு ஒருமுறை நேரம் சொல்ல எழுதட்டும்.

இவை எல்லாம் செய்தும் அவன் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், ராத்திரி அலறி எழுந்துகொண்டிருந்தால், அல்லது "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்பது மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கணியம்பாடியிலிருந்து வேலூர் போகிற வழியிலேயே பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், செலவில்லை. அப்போது தேர்வு எழுதலாமா வேண்டாமா என்பதை அவர்களோடு பேசி முடிவெடுங்கள்.

18ஆம் தேதி நான்கரைக்கு அவன் வெளியே வரும்போது கணவர் வாசலில் நிற்கட்டும். எத்தனை போட்டாய், எது தப்பு என்று ரயிலில் கேட்க வேண்டாம். விடைக்குறிப்பு பிறகு இணையத்தில் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். பசிக்கும், முதலில் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுங்கள். அமராவதி அணை, அங்கே இருக்கிற முதலைப் பண்ணை இவற்றைப் பற்றி அவனாகப் பேச்சு எடுத்தால் பேசுங்கள், எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அன்று ராத்திரி அவன் எத்தனை மணிக்குத் தூங்கினாலும், மறுநாள் காலை யாரும் எழுப்பக் கூடாது.